84 நாளா, 168 நாளா? ஹெபடைட்டிஸ் சி மாத்திரையை எதுவரை சாப்பிடுவது

ஹெபடைட்டிஸ் சி என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். இருபது வருடத்துக்கு முன்பு வைத்தியம் பார்த்துக்கொண்ட சித்தப்பா, "ஒரு வருஷம் ஊசி போடணும்" என்பார். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் 8 வாரம், இன்னொரு பக்கம் 24 வாரம். அரசு மருத்துவமனையிலோ மூன்று டப்பா மாத்திரைக்குக் கணக்குப் போட்டு "மூணு மாசம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் பேசுவதும் ஒவ்வொரு மருந்தைப் பற்றி, ஒவ்வொரு நிலையில் இருக்கும் ஈரலைப் பற்றி.

இப்போதைய மாத்திரைகளில் எத்தனை நாள் என்பது முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே முடிவாகிவிடும். ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது. முடிவு டாக்டருடையது, ஆனால் எதை வைத்து அவர் முடிவு செய்கிறார் என்று தெரிந்திருந்தால் சரியான கேள்வியைக் கேட்கலாம், பாதியில் நிறுத்தச் சொல்லும் யோசனைகளிலிருந்தும் தப்பிக்கலாம்.

பழைய கணக்கை முதலில் ஓரம் வையுங்கள்

சித்தப்பா சொன்னது பெக் இன்டர்ஃபெரான் காலத்துக் கதை. வாரம் ஒரு ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை. வைரஸின் மரபணு வகை 1 என்றால் 48 வாரம், 2 அல்லது 3 என்றால் 24 வாரம். அந்த மருந்தில் கால அளவை நடுவழியில்தான் முடிவு செய்தார்கள். 12ஆம் வாரம் வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு) பார்ப்பார்கள். நூறில் ஒரு பங்காகவாவது குறையவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். 24ஆம் வாரத்திலும் வைரஸ் தெரிந்தால் அதோடு சரி. மெதுவாகக் குறைந்த சிலருக்கு 72 வாரம் வரை இழுத்தார்கள். காய்ச்சல், சோகை, மனச்சோர்வு என்று உடம்பை உருக்கும் மருந்து அது. பலன் தராத ஒருவரை ஒரு வாரம்கூடத் தேவையில்லாமல் அதில் வைத்திருக்கக் கூடாது என்பதால் அந்த ஏற்பாடு.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற புது வகை மாத்திரை அனுமதி பெற்றது. 2014இல் கிலியட் நிறுவனம் இந்திய நிறுவனங்களுக்கு அதைத் தயாரிக்க உரிமம் கொடுத்தது. அடுத்த வருடமே இங்கே விலை குறைந்த ஜெனரிக் மாத்திரை கடைக்கு வந்தது. 2016இல் பஞ்சாப் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2018 ஜூலை 28 அன்று, உலக ஹெபடைட்டிஸ் தினத்தில், தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. பரிசோதனையும் மாத்திரையும் அதில் இலவசம். நடுவில் வைரல் லோடு பார்த்து நாளைக் கூட்டிக் குறைக்கும் பழக்கம் புது மாத்திரைகளோடு போய்விட்டது. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் இன்னும் ஊரில் உலவுகிறது.

முதல் வேலை: வைரஸ் இப்போது இருக்கிறதா?

ரத்த தானத்திலோ ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையிலோ "ஹெச்சிவி பாசிட்டிவ்" என்று வருவது பெரும்பாலும் ஆன்டிபாடி (வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருள்) சோதனை. வைரஸ் ஒரு காலத்தில் உள்ளே வந்திருக்கிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி. தொற்றியவர்களில் ஏறக்குறைய 100க்கு 30 பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே வைரஸ் போய்விடுகிறது. ஆன்டிபாடி மட்டும் தங்கிவிடும். அவர்களுக்கு மருந்தே வேண்டாம். ஆகவே ஹெச்சிவி ஆர்என்ஏ என்ற இன்னொரு சோதனை வேண்டும். வைரல் லோடு என்று சொல்வதும் இதைத்தான்.

அந்த எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். 40 லட்சம் என்று இருந்தால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முற்றியதா இல்லையா என்பதை அந்த எண் சொல்லாது. இந்தியாவில் பரவலாகத் தரப்படும் மாத்திரைகளில் 4 லட்சம் உள்ளவருக்கும் 40 லட்சம் உள்ளவருக்கும் நாள் ஒன்றுதான். ஒரு விலக்கு உண்டு. சோஃபோஸ்புவிரோடு லெடிபாஸ்விர் சேர்ந்த மாத்திரையில், வகை 1 வைரஸ், சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகுவது) இல்லை, முன்பு மருந்து எடுத்ததில்லை, வைரல் லோடு 60 லட்சத்துக்குக் கீழ் என்றெல்லாம் பொருந்தினால் 12க்குப் பதில் 8 வாரம் போதும் என்பார்கள். இணையத்தில் நீங்கள் பார்த்த 8 வாரம் இதுவாக இருக்கலாம், அல்லது வெளிநாடுகளில் தரப்படும் கிளெகாப்ரெவிர், பிப்ரென்டாஸ்விர் கூட்டு மாத்திரையாக இருக்கலாம். உங்கள் டப்பாவில் இருப்பது வேறு மருந்து என்றால் அந்த 8 உங்களுக்கானது இல்லை.

இரண்டாவது: ஈரல் எந்த நிலையில் இருக்கிறது?

நாள் கணக்கின் வேர் இங்கேதான். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

டாக்டர் மூன்று கட்டங்களில் ஒன்றில் உங்களை வைப்பார். சிரோசிஸ் இல்லை, சிரோசிஸ் இருக்கிறது ஆனால் ஈரல் சமாளிக்கிறது, சிரோசிஸ் இருந்து ஈரலும் சமாளிக்க முடியாமல் தடுமாறுகிறது. மூன்றாவதைத்தான் டிஸ்சார்ஜ் சீட்டில் டிசிஎல்டி என்று எழுதுவார்கள். வயிற்றில் நீர் கோர்ப்பது (நம் பெரியவர்கள் மகோதரம் என்பது), ரத்த வாந்தி, நினைவு குழம்புவது, கண் மஞ்சளாவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஒருமுறை நீர் கோர்த்து மாத்திரையில் வற்றிவிட்டது என்றாலும் அதை மறைக்காமல் சொல்லுங்கள். இப்போது வயிறு தட்டையாக இருக்கிறது என்பதால் அந்தப் பழைய சம்பவம் இல்லாமல் போய்விடாது. மருந்துத் தேர்வையே அது மாற்றும்.

முதல் இரண்டு கட்டங்களையும் வெளியே பார்த்துப் பிரிக்க முடியாது. சிரோசிஸ் இருப்பவரும் வயலில் வேலை செய்துகொண்டு நன்றாகவே இருப்பார். இங்கே உதவுவது இரண்டு எளிய கணக்குகள். சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். அதில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இருப்பவை ஈரல் கெடும்போது ரத்தத்தில் கூடும் நொதிகள்.

ஃபிப்-4 என்பது: வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். ப்ளேட்லெட் எண்ணிக்கையை (1.3 லட்சம் என்றால் 130 என்று எடுத்துக்கொண்டு) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 52 வயது, எஸ்ஜிஓடி 80, எஸ்ஜிபிடி 64, ப்ளேட்லெட் 1.3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 4160, கீழே 130ஐ 8ஆல் பெருக்கி 1040. விடை 4. இது 3.25ஐத் தாண்டினால் ஈரலில் தழும்பு முற்றியிருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும், 1.45க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

ஏப்ரி என்பது: எஸ்ஜிஓடியை லேபின் மேல் வரம்பால் வகுத்து, நூறால் பெருக்கி, ப்ளேட்லெட்டால் வகுப்பது. அதே ஆளுக்கு வரம்பு 40 என்றால் 80ஐ 40ஆல் வகுத்து 2, நூறால் பெருக்கி 200, 130ஆல் வகுத்தால் 1.54. சிரோசிஸ் என்று நினைக்க 2 வர வேண்டும். ஆக, ஒரே ரத்தம், ஒரு கணக்கு சந்தேகம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. இப்படி முட்டிக்கொள்வது அபூர்வமில்லை. முட்டிக்கொண்டால் ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் 12.5 கிலோபாஸ்கலுக்கு மேல் என்றால் பொதுவாக சிரோசிஸ் என்று எடுத்துக்கொள்வார்கள். அல்ட்ராசவுண்டில் ஈரல் மேடுபள்ளமாக இருப்பது, மண்ணீரல் வீங்கியிருப்பது போன்றவையும் சேர்ந்து பேசும்.

சிரோசிஸ் என்று உறுதியானால் அடுத்து சைல்டு பக் மதிப்பெண். பிலிருபின், ஆல்புமின், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் திறனைக் காட்டும் எண்), வயிற்று நீர், நினைவுக் குழப்பம் என்ற ஐந்துக்கும் தலா 1 முதல் 3 வரை போடுவார்கள். மொத்தம் 5, 6 வந்தால் 'ஏ', ஈரல் சமாளிக்கிறது. 7 முதல் 'பி', 10 முதல் 'சி', இரண்டுமே டிசிஎல்டிதான்.

என்னைக் கேட்டால், மருந்துக் கவுன்டரில் நிற்கும் முன்பு டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "எனக்கு சிரோசிஸ் இருக்கா, இல்லையா? எதை வச்சுச் சொல்றீங்க?" என்பதுதான்.

மூன்றாவது: கட்டத்துக்கு ஏற்ற மருந்தும் நாளும்

தேசியத் திட்டத்தின் ஏற்பாடு இது. சிரோசிஸ் இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்ளடாஸ்விர் 60 மில்லிகிராம், 84 நாள். ஈரல் சமாளிக்கும் சிரோசிஸ் என்றால் சோஃபோஸ்புவிர் 400, வெல்படாஸ்விர் 100, அதுவும் 84 நாள். டிசிஎல்டி என்றால் அதே சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விரோடு ரிபாவிரின் சேர்த்து 84 நாள். ரிபாவிரின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அது இல்லாமல் 168 நாள். டிசிஎல்டி உள்ளவர்களையும், முன்பே இந்த வகை மாத்திரை சாப்பிட்டுத் தோற்றவர்களையும் பெரிய மையங்களுக்கு அனுப்பிவைப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் சிரோசிஸ் உள்ளவருக்கு 24 வாரம் என்று இருக்கிறதே என்று சிலர் குழம்புவார்கள். அது சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் ஜோடிக்குச் சொன்னது. மருந்து மாறினால் நாளும் மாறும். 2015இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். வகை 3 வைரஸ் உள்ளவர்களுக்கு இந்த டக்ளடாஸ்விர் ஜோடியை 12 வாரம் கொடுத்தார்கள். சிரோசிஸ் இல்லாதவர்களில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். சிரோசிஸ் உள்ளவர்களில் 63 சதவீதம் மட்டுமே. இந்தியாவில் அதிகம் காணப்படுவதும் இதே வகை 3 தான். ஆகவே சிரோசிஸ் இருப்பது தெரியாமல் டக்ளடாஸ்விரில் 84 நாளோடு நிறுத்தினால் மூன்றில் ஒருவருக்கு மேல் வைரஸ் திரும்பக்கூடும். இரண்டாவது படியில் நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது இதற்காகத்தான்.

இன்னொரு பக்கம், நாளைக் கூட்டினால் போதும் என்பதும் சரியில்லை. டிசிஎல்டி நோயாளிகளிடம் நடந்த, அதே 2015இல் வெளியான இன்னோர் ஆய்வில் சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் 12 வாரம் எடுத்தவர்களில் 83 சதவீதம், 24 வாரம் எடுத்தவர்களில் 86 சதவீதம் குணம். ரிபாவிரின் சேர்த்து வெறும் 12 வாரம் எடுத்தவர்களில் 94 சதவீதம். ரத்தம் குறைகிறது என்று ரிபாவிரினைச் சொல்லாமல் விட்டுவிட்டு, "அதான் மத்த மாத்திரையைக் கூட ஒரு மாசம் சாப்பிடுறேனே" என்று ஈடுகட்டப் பார்ப்பவர்களுக்கு இந்த எண்கள் பதில் சொல்லும். ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனால் ரிபாவிரின் அளவைக் குறைக்கவும், 8.5க்குக் கீழே போனால் நிறுத்தவும் வழிமுறை இருக்கிறது. மற்ற மாத்திரைகள் அப்போதும் தொடரும். அதை டாக்டரே செய்யட்டும். ரிபாவிரின் கருவைச் சிதைக்கும் என்பதால் ஆணோ பெண்ணோ, மருந்து நாட்களிலும் முடிந்து குறைந்தது 6 மாதமும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் ஹெச்ஐவி உள்ளவர்களுக்கும் நாள் மாறாது. ஹெச்ஐவி மருந்துகளில் சில டக்ளடாஸ்விரின் அளவை மாற்றவைக்கும், அவ்வளவுதான்.

நான்காவது: மற்ற மாத்திரைகளைக் கொட்டிக் காட்டுங்கள்

84 நாள் விழுங்கியும் மருந்து உடம்பில் ஏறவில்லை என்றால் நாள் கணக்குக்கு அர்த்தமில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின் அல்லது கார்பமசெபின் சாப்பிடுகிறவர்கள் சொல்லியே ஆக வேண்டும். இவை ஹெபடைட்டிஸ் மருந்தை உடம்பில் நிற்கவிடாமல் கரைத்துவிடும். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவருக்கு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

நம் ஊரில் அதிகம் சிக்கும் ஆள் கேஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போடுவதை யாரும் மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. வெல்படாஸ்விர் உறிஞ்சப்பட வயிற்றில் அமிலம் வேண்டும். முடிந்தால் அந்த மூன்று மாதம் கேஸ் மாத்திரையை விடுங்கள். முடியாது என்றால் எந்த மாத்திரையை முதலில், எவ்வளவு இடைவெளியில் போடுவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெள்ளை நிற ஆன்டாசிட் சிரப்புக்கும் வெல்படாஸ்விருக்கும் நடுவே 4 மணி நேரம் விட வேண்டும்.

கீழாநெல்லி பற்றியும் ஒரு வார்த்தை. ஈரல் என்றாலே வீட்டில் யாராவது அரைத்துக் கொண்டுவருவார்கள். 1988இல் சென்னையில் நடந்து லான்செட் இதழில் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஹெபடைட்டிஸ் பி பற்றியது. அதே பலன் பிற்பாடு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் கிடைக்கவில்லை. ஹெபடைட்டிஸ் சி-க்கு அதை நம்பி மாத்திரை நாளைக் குறைப்பது வீண். கூடவே சாப்பிடும் எண்ணம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்ற சோதனையும் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். சி வைரஸ் அடங்கும்போது பி தலைதூக்கலாம். இரண்டும் இருந்தால் பி-க்குத் தனி மாத்திரை ஓடும். அதற்கு இந்த 84 நாள் பொருந்தாது. மூன்று டப்பா முடிந்தது என்று பி மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டால் ஈரல் திடீரென்று மோசமாகலாம்.

ஐந்தாவது: காலண்டரில் குறியுங்கள்

ஒரு டப்பாவில் 28 மாத்திரை. மூன்று டப்பா என்றால் 84 நாள். "மூணு மாசம்" என்று சொன்னார்களே, ஒரு வாரம் குறைகிறதே என்று அலைய வேண்டாம், கணக்கு வாரத்தில். ஜனவரி 1 அன்று தொடங்கினால், லீப் வருடம் இல்லாத பட்சத்தில், மார்ச் 25 கடைசி மாத்திரை. அடுத்த டப்பாவை முந்தைய டப்பாவில் ஒரு வார மாத்திரை இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? வழக்கமான நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே போடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் அடுத்த வேளையோடு தொடருங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

தொடர்ச்சியாகப் பல நாள் விட்டுப்போனால் அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர்களின் வழிகாட்டுதல் உதவும். விட்டது 7 நாள் வரை என்றால் மறுபடி தொடங்கி, திட்டமிட்ட மொத்தத்தை முடித்தால் போதும். முதல் 28 நாட்களுக்குள்ளேயே 8 நாளோ அதற்கு மேலோ விட்டிருந்தால், உடனே தொடங்கி ஆர்என்ஏ பார்க்க வேண்டும். வைரஸ் தெரிந்தாலோ, வகை 3 அல்லது சிரோசிஸ் இருந்தாலோ 4 வாரம் கூட்டுவார்கள். 28 நாளைத் தாண்டிய பிறகு 8 முதல் 20 நாள் விட்டிருந்தால் கதை கொஞ்சம் கடுமை: ஆர்என்ஏ நெகட்டிவ் என்றால் தொடரலாம், வகை 3 அல்லது சிரோசிஸ் உள்ளவருக்கு 4 வாரம் கூட்டுவதை யோசிக்கலாம், பாசிட்டிவ் என்றால் அந்த மருந்து அத்தோடு முடிந்தது, புதிதாகத் திட்டமிட வேண்டும். 21 நாளோ அதற்கு மேலோ என்றால் நிறுத்திவிட்டு, 12 வாரம் கழித்து வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆகவே ஊருக்குப் போய் இரண்டு வாரம் விட்டுவிட்டவர் வெட்கப்பட்டு ஒளிக்காமல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். நாளைக் கூட்டுவதற்கு நியாயமான இடம் இது ஒன்றுதான்.

ஆறாவது: நடுவில் கை வைக்காதீர்கள்

நான்காவது வாரத்தில் சொந்தச் செலவில் வைரல் லோடு பார்த்து, நெகட்டிவ் என்றதும் மூன்றாவது டப்பாவை வாங்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் காணவில்லை என்பதற்கு, சோதனைக்குச் சிக்கும் அளவுக்கு இல்லை என்றுதான் பொருள். அதே வாரத்தில் கொஞ்சம் வைரஸ் தெரிந்தாலும் கலங்க வேண்டாம். அதை வைத்து நிறுத்துவதோ நீட்டுவதோ இல்லை. தேசியத் திட்டத்திலும் நடுவில் வழக்கமாக வைரல் லோடு பார்ப்பதில்லை. அந்தக் காசைப் பின்னால் வரும் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை நடுவே நிஜமாகவே டாக்டரிடம் ஓட வேண்டிய நேரங்கள்: கண் மஞ்சள், வயிறு வீங்குவது, கறுப்பாக மலம் போவது, பேச்சு குழறி நினைவு தடுமாறுவது, மயக்கம். எஸ்ஜிபிடி பத்து மடங்கு ஏறினால் மருந்தை நிறுத்துவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வைரஸ் குறையக் குறைய சர்க்கரையும் இறங்கலாம். வீட்டில் அடிக்கடி பார்த்து இன்சுலின் அளவைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தலைவலி, அசதிக்காக நிறுத்த வேண்டியதில்லை.

ஏழாவது: முடிந்து 84 நாள் கழித்து

கடைசி மாத்திரையோடு வேலை முடியவில்லை. மார்ச் 25 அன்று முடித்தவர் ஜூன் 17 அன்றோ அதற்குப் பிறகோ ஆர்என்ஏ சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். 12 வாரம் மருந்தில்லாமல் இருந்தும் வைரஸ் தெரியவில்லை என்றால் குணம் என்று எழுதிக் கொடுப்பார்கள். கடைசி மாத்திரை அன்றே பார்த்த நெகட்டிவை இதற்குச் சமமாக எடுக்க மாட்டார்கள். இந்தச் சோதனைக்குத்தான் ஆட்கள் வராமல் போகிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடுவது வழக்கம்.

லேபில் தவறுதலாக மறுபடி ஆன்டிபாடி எழுதிவிட்டால் பாசிட்டிவ் என்றே வரும். அது வாழ்நாள் முழுக்க இருக்கும். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலும் ஆபரேஷனுக்கு முன்பும் இந்தக் குழப்பம் வரும் என்பதால் ஆர்என்ஏ நெகட்டிவ் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆன்டிபாடி இருப்பது எதிர்ப்புச் சக்தி ஆகாது. மறுபடி தொற்றலாம், இதற்குத் தடுப்பூசியும் இல்லை. சிரோசிஸ் இருந்தவர்கள் குணமான பிறகும் 6 மாதத்துக்கு ஒருமுறை ஈரலை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புற்றுநோய் அபாயம் குறைகிறதே தவிர நீங்குவதில்லை.

அந்தச் சோதனையிலும் வைரஸ் தெரிந்தால் அதே மாத்திரையை நீங்களாக இன்னொரு டப்பா வாங்கித் தொடராதீர்கள். சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விரோடு வாக்ஸிலாப்ரெவிர் சேர்ந்த மாத்திரை 12 வாரம் என்பது ஒரு வழி. டிசிஎல்டி உள்ளவர்களுக்கு அது ஆகாது. சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர், ரிபாவிரின் 24 வாரம் என்பது இன்னொன்று. எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல பெரிய மையத்து டாக்டருக்கு மூன்று விவரம் தேவைப்படும்: முதலில் சாப்பிட்ட மாத்திரையின் பெயர், தொடங்கிய தேதியும் முடித்த தேதியும், நடுவில் விட்டுப்போன நாட்கள். காலி டப்பாக்களையும் குறித்து வைத்த காலண்டரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.